லண்டன் சொன்ன விலை

"மேல சுத்துற காத்தாடி, ரேடியோ, ரெண்டும் கரெண்டுல ஓடுது. இந்தத் தெருவில வேற எவன் கடையில இருக்கு?" ரப்பர் தரகர் சொக்கநாதன் வருகிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் கேட்பார். அந்த ரேடியோவுக்கு ஒரே ஒரு காதுக்குழாய். அது அவர் காதைவிட்டு இறங்காது. லண்டன் செய்தியை அவர் கேட்டுச் சொல்வார். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அன்று மத்தியானம் சுங்கை பாக்காப்பிலிருந்து நல்லமுத்து வந்திருந்தார். அவருடைய மகளின் கல்யாணச் செலவு முழுவதும் ரப்பர் ஷீட்டுகளாக வாசலில் வண்டியில் இருந்தது.

"லண்டன்காரன் என்ன சொல்றான், முதலாளி?"

"ரப்பர் விலை எறங்குதாம்."

நல்லமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து பேப்பர்ல ஏறுதுன்னு போட்டிருந்தானே?"

"பேப்பர் நேத்துக் கதை. இவன் இந்த நிமிஷம் பேசுறான்லா! இங்கிலீஷ் தெரியுமா உனக்கு? ரப்பர் மரம் சீவுறவனுக்கு லண்டன் பேச்சு எங்க புரியப்போகுது!"

நல்லமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நாளைக்காவது ஏறாதா?"

சொக்கநாதன் கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். அவர் நெற்றியிலும் வேர்வை வழிந்தது.

"இரு, சொல்றான்... நாளைக்கு இன்னும் எறங்குமாம். உம்மேல இரக்கப்பட்டுச் சொல்றேன், என் விலைக்குக் கொடுத்துட்டுப் போ."

நல்லமுத்து வாசலைப் பார்த்து, "வண்டியத் திருப்புப்பா, அடுத்த கடைக்குப் போவோம்" என்றார்.

"ஏன்? என்னாச்சு?"

"கண்ணத் தொறந்து மேல பாருங்க, முதலாளி. கரெண்டு போயி, காத்தாடி நின்னு எவ்வளவு நேரமாச்சு! லண்டன்காரன் மட்டும் எப்படி இன்னும் பேசுறான்?"