அவசரத்துக்கு யார்?

அவசரத்துக்குக் கூப்பிடத் தங்கள் பெயரையே குறித்துக்கொண்டவர்கள் யார் என்று செயலியிடம் கேட்டாள்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அவளுடைய வரி.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரித்துக்கொண்டாள். அப்படிக் குறிக்கக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான்.

வேளச்சேரியில் தான் தங்கியிருக்கும் மகளிர் விடுதிக்காக அவள் எழுதிக்கொடுக்கும் செயலி அது. அறுபத்திரண்டு பேர், ஒரே அட்டவணை. பெயர், அறை எண், உடல்நலக் குறிப்பு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம், அதே அட்டவணையில் இருக்கும் இன்னொருத்தியைத்தான் காட்ட வேண்டும்.

வார்டன் ஹில்டா மேடத்தின் கண்டிப்பு அது.

"ஊர்லேருந்து அம்மா பஸ் புடிச்சு வர்ற வரைக்கும் மூச்சு காத்துக்கிட்டு இருக்குமா? இதே பில்டிங்ல யாரு ஓடி வருவாங்கன்னு போடச் சொல்லும்மா."

முந்தாநாள் முதல் ஆளாக நிரப்பிப் பார்த்தவள் அவள்தான். பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். தன்னைத் தவிர அறுபத்தொரு பெயர்கள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. சோதனைக்குத்தானே என்று தன் பெயரையே தட்டிவிட்டாள்.

இன்று ஆறு மணிக்குப் பட்டியல் மேடத்தின் கைக்குப் போக வேண்டும்.

யாரைப் போடுவது?

குடிவந்து எட்டு மாதம். காதில் ஹெட்போன், கதவுக்குத் தாழ், சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி மேசை. யாரும் வம்புக்கு வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தாள். இப்போது கொஞ்சம் வலித்தது.

விரல் சும்மா இருக்கவில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டால் என்ன?

என்னைக் குறித்தவர் யார்?

இந்த உறவு தானாகத் திரும்பாது. ஒருத்தி உன்னைக் குறித்தாள் என்பதற்காக, நீ அவளைக் குறித்ததாக ஆகிவிடாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒரு வரி வரும், அது தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வந்தன.

செல்வமலர். அறை 14.

பதினைந்து இவளுடையது.

யார் இது? ஒருநாள் காலை, குளியலறை வரிசையில் இருமிக்கொண்டு நின்ற ஒருத்தியை முன்னால் போகச் சொன்னது மங்கலாக நினைவு வந்தது. அதுவும் ஹெட்போனைக் கழற்றாமல், வெறும் கையசைப்பு.

வரியை முழுவதும் படித்தாள்.

உடல்நலக் குறிப்பு: கடுமையான ஆஸ்துமா.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எட்டு மாதமாக மூச்சுக்குத் திணறியிருக்கிறாள். இந்தப் பக்கம் பாட்டு ஓடியிருக்கிறது.

மணி ஐந்தரை. தன் வரியைத் திருத்தவில்லை. ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

பதினான்காம் அறைக் கதவைத் திறந்தவள் கையில் பாதி உரித்த ஆரஞ்சு. இவளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

ஏன் என்னைப் போட்டீர்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"இன்ஹேலர எங்க வெச்சிருப்பீங்க?"

செல்வமலர் விலகி வழிவிட்டாள்.

கட்டில் பதினைந்தாம் அறைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டில் இன்ஹேலர். அதன் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கரண்டி.

சுவரில், படுத்தபடி கை எட்டும் உயரத்தில், மூன்று நான்கு இடங்களில் தட்டித் தட்டிப் பெயின்ட் பெயர்ந்திருந்தது.