அடுப்படி ஓலையும் ஹால் ஓலையும்

பிலோமினா வீட்டில், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையில் முடைந்த சிலுவைகள் இரண்டு இருந்தன. ஒன்று ஹாலில், மாதா படத்துக்கு மேலே. இன்னொன்று அடுப்படியில், மிளகாய் நெடியில்.

"எல்லாரும் உன்னைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள்," என்று அடுப்படி ஓலை வருடமெல்லாம் பொருமியது.

"வயிற்றெரிச்சல் உனக்கு," என்றது ஹால் ஓலை.

விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பதற்காகக் கோயிலில் பழைய ஓலைகளைக் கேட்டார்கள். பிலோமினா இரண்டையும் கொடுத்தாள். ஒரே சட்டியில் போட்டுக் கொளுத்தினார்கள்.

"பார், நெருப்புகூட முதலில் உன்னிடம்தான் வருகிறது," என்றது அடுப்படி ஓலை.

புதன்கிழமை சாமியார் அந்தச் சாம்பலைத் தொட்டு, பிலோமினாவின் நெற்றியில் சிலுவை போட்டார்.

"நடு நெற்றியில் இருப்பது நான்தானே?" என்று அவசரமாகக் கேட்டது அடுப்படி ஓலை.

ஹால் ஓலை வெகுநேரம் தேடியது.

"தெரியவில்லையே. நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்காவது தெரிகிறதா?"