ஆவி வராத தேத்தண்ணி

சம்பந்தி வீட்டு மேசையில் வைத்த தேத்தண்ணியிலிருந்து ஆவி வரவில்லை.

சிங்காரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டுக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. இந்த ரிங்லெட் மலைக் குளிரில் சூடான எதுவாக இருந்தாலும் கொஞ்சமாவது ஆவி பறக்கும்.

குடிக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. மகள் யுவனேஸ்வரியை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு எத்தனையோ தடவை வந்து போய்விட்டார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கை நனைக்க மாட்டேன் என்று சொன்னால் சொன்னதுதான்.

காரணம் சின்னது. பெண் பார்க்க வந்த அன்று, தன் காய்கறி லாரி கோலா தெர்லா ரோட்டில் படுத்துவிட்டதென்று போன் வர, சம்பந்தி செல்வராஜு பாதியில் எழுந்து ஓடினார். அவருக்கு ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

சிங்காரமோ தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் அடுப்புப் பக்கம் நின்றே தலை நரைத்தவர். அவர் வீட்டுத் தேத்தண்ணியை ஒருவர் ஆறவிட்டுப் போவதா?

கல்யாணத்தை அவர் தடுக்கவில்லை. கோயில் மண்டபத்தில் வயிறாரச் சாப்பிட்டார். மண்டபம் சம்பந்தி வீடு இல்லையே.

கப்பலுக்கும் அதே நியாயம்தான். மருமகன் யோகேஸ் இரண்டு வீட்டுப் பெற்றோரையும் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டுபோய் ஒரே உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான். ஒரே மேசையில் சாப்பிட்டால் பகை கரையும் என்பது அவன் நினைப்பு. சோறு போடுவது கப்பல் கம்பெனி, செல்வராஜு இல்லை என்பது சிங்காரத்தின் நினைப்பு. தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார்.

தேத்தண்ணிதான் சரியில்லை.

அந்தக் கப்பலில் நீச்சல் குளம் இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவைகூட இருந்தது. சூடான தேத்தண்ணி இல்லை. அவர் மனைவி அன்பரசி சேலைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த கரண்ட் கெட்டிலை ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு காலையும் சிங்காரம் ஒரு வாய் குடிப்பார். முகத்தைச் சுளிப்பார். குளிக்கிற தண்ணி என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளுவார். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொண்டுவருவார். அதிலும் ஒரு வாய். அதுவும் குளிக்கிற தண்ணி. கடைசி நாள் அந்த மனிதர் இவரைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எதிரில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா ருக்குமணி பப்பாளியைத் துண்டு துண்டாகத் தின்றுகொண்டு இவரையே கவனித்துக்கொண்டிருந்தார்.

இப்போது யோகேஸின் கார் துறைமுகத்திலிருந்து மலையேறி வந்து எல்லாரையும் இந்த வீட்டில் இறக்கியிருக்கிறது. சமையற்கட்டு வாசலில் யுவனேஸ்வரி வயிற்றில் கை வைத்தபடி நிற்கிறாள். ஏழாம் மாதம். அடுத்த வாரம் இதே வீட்டில் வளைகாப்பு.

அப்பா சாப்பிடாவிட்டால் நானும் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். பார்ப்போம் என்றார் சிங்காரம். அவர் பார்ப்போம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும், அழுதாள்.

அவர் மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

மற்ற நாள்களில் இந்த வீட்டில் கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். ஆவி அடங்கும்வரை அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழகிவிட்டது. இன்றைக்கு முறைக்க ஆவியே இல்லை. மனசு கேட்கவில்லை.

குடிக்கத்தானே கூடாது, தொட்டுப் பார்க்கலாம். விரலின் பின்பக்கத்தால் கோப்பையைத் தொட்டார். தடிப்பான பீங்கான். சூடா, இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை.

எடுத்து ஒரு வாய் குடித்தார். ருக்குமணியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது! கப்பல்லதான் குளிக்கிற தண்ணியக் குடுத்தானுங்க. மலையேறி வந்தும் அதானா?"

அன்பரசி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். செல்வராஜு கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். அப்போதுதான் சிங்காரத்துக்கே உறைத்தது. குடித்தது தொண்டை தாண்டிப் போயிருந்தது.

ருக்குமணி பதறவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஆறிருச்சுண்ணே. மாத்தித் தரேன் லா."

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். புதுக் கோப்பையில் ஆவி முகம் மறைக்கப் பறந்தது.

தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. அடுப்போடு காலம் தள்ளியவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. எங்கேயோ ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. இத்தனை காலம் தூக்கிச் சுமந்ததை யாரோ கேட்காமலே இறக்கி வைத்த மாதிரி.

ஊதிக் குடித்தார். நாக்கு சுட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"அந்த முதக் கோப்பை எப்பப் போட்டது?" என்று மகளைக் கேட்டார்.

யுவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில போட்டதுப்பா. ஆற வைன்னு அத்தை கப்பல்லருந்தே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."