அண்ணியின் முகத்தில் ஷேர் விலை

"அண்ணி சிரிச்சாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா."

போனில் சின்னவன் குரல் பதறியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு, பின்பக்கமாக வந்து பேசிக்கொண்டிருந்தான்.

"சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள போயிட்டா" என்றாள் அம்மா.

"வேகமாப் போனாங்களா, மெதுவாவா?"

"ஏண்டா, உங்க அண்ணி என்ன பந்தயக் குதிரையா?"

அண்ணி ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் தலைவரின் செயலாளர் என்பது தெருவுக்கே தெரியும். சொந்தமாகக் கடை வைக்கச் சின்னவன் சேர்த்திருந்த பணம் முழுவதும் அதே கம்பெனியின் ஷேரில் இருந்தது. அவன் வாங்கிய கொஞ்ச நாளிலேயே, தலைவர் விலகுகிறார் என்று அறிவிப்பு வந்தது. விலை மளமளவென்று சரிந்தது. அடுத்து வரப்போவது யார் என்று கம்பெனி வாய் திறக்கவில்லை.

அண்ணியும் திறக்கவில்லை.

"வெளியாளா, உள்ளேயே இருக்கிறவரா? அதையாவது சொல்லுங்க அண்ணி."

"தெரியாதுப்பா."

"தலைவர் ரூம் வாசல்லயே உட்கார்ந்திருக்கீங்க, தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"சரி, சொல்ல வேண்டாம். வித்துடட்டுமா, வெச்சுக்கட்டுமா? தலையை மட்டும் ஆட்டுங்க."

அண்ணி குனிந்த தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சொந்தக் கொழுந்தனுக்கு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"தெரிஞ்சாத்தானேம்மா சொல்லுவா?" என்றான் அண்ணன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நீ நல்லா ஜால்ரா போடு!"

அன்றிலிருந்துதான் அம்மாவும் சின்னவனுமாக அண்ணியின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அண்ணி குடையை ஆபீசிலேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தாள். "மனசு சரியில்லை, அதான் மறந்துட்டாங்க. விலை இன்னும் விழும்" என்று சின்னவன் அன்று சாப்பிடவில்லை. இன்னொரு நாள் காரணமே இல்லாமல் பூந்தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். "கையில காசு தாராளமாப் புழங்குது. ஏறும்!" என்று ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

ஆனால் விலை ஏறவில்லை. கடைக்குப் பார்த்து வைத்திருந்த இடத்துக்காரர், முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலையில வித்துடறேம்மா" என்றான் சின்னவன். "இதுக்கு மேல விழுந்தா, கடை போச்சு. காலம் பூரா அடுத்தவன் கடையில கண்ணாடி துடைச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். "இரு, இரு. உள்ள பாடறா."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

"சோகப் பாட்டா, டூயட்டா?"

அம்மா காதைத் தீட்டிக்கொண்டாள். "டூயட்டுதான்டா!"

"அப்ப விக்கலை!"

அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. புதுத் தலைவர், அதே கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலையில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்த ஒரு பெண்மணி. கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பூசி மெழுகாமல் பதில் சொன்னாராம். சந்தைக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. விலை நிமிர்ந்தது, பிறகு மெல்ல மெல்ல ஏறி, சின்னவன் வாங்கிய விலையையும் தாண்டியது. அவன் எல்லாவற்றையும் விற்று, கடைக்கு முன்பணம் கட்டிவிட்டு, பெரிய டப்பா ஐஸ்கிரீமோடு வீட்டுக்கு வந்தான்.

"நீங்க வாய் திறக்கலைன்னா என்ன அண்ணி, உங்க முகமே காட்டிக் கொடுத்துடுச்சு. ஊருக்கே கண்ணு பார்த்துக் கண்ணாடி மாட்டறவன் நான். என்கிட்ட மறைக்க முடியுமா?"

"கூடப் பிறந்தவளா இருந்தா வாய் விட்டே சொல்லியிருப்பா" என்றாள் அம்மா, கிண்ணத்தை வழித்தபடி.

அண்ணி சிரித்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். மேசை மேல் அவள் போன் அடித்தது. சின்னவன் எடுத்தான்.

"அண்ணி மாடியில இருக்காங்க. நான் அவங்க கொழுந்தன் பேசறேன்."

"கொழுந்தனா? நல்லதாப் போச்சு, உங்ககிட்டயே கேட்டுடறேன். அவங்க கம்பெனி ஹெச்.ஆர். பேசறேன். உங்க ஷேரை எல்லாம் வித்தாச்சா?"

சின்னவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வித்துட்டேன் சார். ஆனா அண்ணி ஒரு வார்த்தை சொல்லலை சார், சத்தியமா!"

எதிர்முனையில் சிரிப்பு. "எப்படி சார் சொல்லுவாங்க? அவங்கதான் கேன்டீன் கணக்குல உட்கார்ந்திருக்காங்களே! உருளைக்கிழங்கு விலை வேணும்னா சொல்லுவாங்க. அங்க நாள் பூரா ரேடியோ. இவங்களும் கூடவே பாட்டு."

"கேன்டீனா? அண்ணி தலைவர் ரூம்ல..."

"அது முன்னால. தலைவர் மாறுற சமயத்துல, வீட்டுல யார்கிட்டயாவது நம்ம ஷேர் இருந்தா அந்த ரூம்ல வேலை பார்க்கக் கூடாது. ஒண்ணு ஷேரை விக்கணும், இல்லை சீட்டை விடணும். இப்பதான் நீங்க வித்துட்டீங்களே. புதுத் தலைவர் பழைய செயலாளரையே கேட்கறாங்க, நாளைக்கே மேல வரச் சொல்லுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே வித்திருப்பேனே சார்!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சொன்னா வித்துடுவான் சார், விலை அடிமட்டத்துல கிடக்கு, கடை வைக்கப் போற பையன்'னு சொல்லிட்டு, அவங்களே சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு கேன்டீனுக்கு இறங்கிப் போயிட்டாங்க."