பக்கத்துக் கூடாரம்

யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

உடற்பயிற்சி அரங்கத்துக்குள் வரிசையாய் நின்ற கூடாரங்களிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே நீண்டது.

குக்ஜாவும் வந்து நின்றாள். பக்கத்துக் கூடாரத்து ஜொம்ரே அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொரியாவின் போஹாங் நகரம் நிலநடுக்கத்தில் குலுங்கிய அன்று வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். இரண்டு குளிர்காலமாக இந்தத் துணிச்சுவர்களுக்குள்தான் குடித்தனம். ஒருத்தி இருமினால் மற்றவள் வெந்நீரோடு வருவாள்.

ஜொம்ரேயின் புருஷன் அன்று சுவர் விழுந்து இடுப்பொடிந்தவர். போன குளிர்காலம் வரைக்கும் படுத்தே கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

டிவியில் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் பேசினார். அது தானாக வந்த நிலநடுக்கம் இல்லையாம். பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறோம் என்று ஆழத்துளை போட்டு, அழுத்தி அழுத்தித் தண்ணீர் இறக்கினார்களே, அதுதான் கிளப்பிவிட்டதாம்.

சிலர் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கிடந்தவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஜொம்ரே தரையில் சரிந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“மண்ணு ஆடுச்சு, மனுஷன் போயிட்டான்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேனே! அந்தப் பாவிங்களைப் பெத்தவ, பிள்ளை பெத்தவளுக்கு வச்சுக் குடுக்குற கடல்பாசி சூப்பைக் குடிச்சாளா, வெஷத்தைக் குடிச்சாளா?”

குக்ஜா மெல்ல அவள் அருகே உட்கார்ந்தாள்.

“பாசி சூப்தான்க்கா குடிச்சேன். மாமியார் வச்சுக் குடுத்தாங்க.”

ஜொம்ரேயின் கை அந்தரத்தில் நின்றது.

மகனுக்கு எங்கோ வேலை என்று மட்டும்தான் குக்ஜா இதுநாள்வரை சொல்லியிருந்தாள்; அந்தத் துளை போட்ட இடத்தில் என்று சொன்னதில்லை. இந்தப் பக்கம் வராதே என்று அவனுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அதற்குள், துளை போட்ட இடத்தையே போய் மறிப்போம் என்று கூட்டம் இரைந்தது.

ஜொம்ரே எழுந்தாள். குக்ஜாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் கூடாரத்துக்குள் தள்ளினாள்.

“வேற யார்கிட்டயும் வாயைத் தொறந்துடாத. உள்ளயே கிட.”

வெளியிலிருந்து ஜிப்பை இழுத்து மூடினாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினாள்.

பாவிகளைச் சபித்தாள். அவர்கள் கை அழுக வேண்டும், கால் அழுக வேண்டும் என்றாள்.

பெற்றவளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

துணிக்கு இந்தப் பக்கம், இறந்தவரின் படுக்கைமேல் உட்கார்ந்து, குக்ஜா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.