பிணம் எழுதிய வரி

"யாருய்யா இதை எழுதினது?"

நாடக அரங்கின் வாசலில் டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே நடப்பது கொலை நாடகம். வாசலில் நிற்பது, பார்க்க வருகிறவர்களுக்கான முன்னறிவிப்புப் பலகை.

'துப்பாக்கி வெடிக்கும். புகை வரும். சிந்துவது ரத்தமல்ல, சாயம்.'

இதுவரை டைரக்டர் எழுதியது. அதற்குக் கீழே யாரோ சாக்பீஸால் சேர்த்திருந்தார்கள்.

'கொலைகாரனைத் தாராளமாகத் திட்டலாம். பெற்றவளை இழுக்க வேண்டாம்.'

"நான்தான் சார்" என்றது பிணம்.

பிணமாக நடிப்பவர்தான். முதல் காட்சியிலேயே செத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மேடையில் சும்மா கிடப்பது அவர் வேலை. அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"செத்தவனுக்கு என்னய்யா எழுத்து வேலை? ஜனங்க கொதிச்சுப் போய்த் திட்டணும். அதுதான் வெற்றி. நேத்து நானே கூட்டத்தோட உட்கார்ந்து, 'இவனைச் சொல்லிக் குத்தமில்லை, பெத்தவளைச் சொல்லணும்'னு எடுத்துக் கொடுத்தேன். ஹாலே சேர்ந்துக்கிச்சு. நீ என்னடான்னா அவங்க வாயைக் கட்டுறே!"

"பார்த்தேன் சார். கண்ணைத் திறந்துக்கிட்டே சாகணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அழிச்சிடு. இல்லைன்னா நாளையிலேர்ந்து வேற ஆள் சாவான்."

பிணம் அசையவில்லை. பழக்க தோஷம்.

டைரக்டரே துணியை எடுத்தார்.

"நேத்து உங்க பக்கத்துல ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்களே சார்..."

"ஆமா, தேம்பித் தேம்பி அழுதாங்க. அதுதான்யா ரசனை! உனக்கெங்கே புரியப் போகுது?"

"இன்னிக்கும் வந்திருக்காங்க. உள்ளே போகாம அதோ, தூண் பக்கத்துல நிக்கிறாங்க. 'இன்னிக்கும் என்னைத் திட்டுவாங்களா தம்பி'ன்னு கேட்டாங்க."

"அவங்களை எதுக்குய்யா திட்டணும்?"

"நம்ம கொலைகாரனோட அம்மா சார்."

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். அவரை அடையாளம் தெரிந்ததும் அந்தம்மா ஓரடி பின்னால் போனார்.

டைரக்டர் முகம் சுண்டிப்போனது. பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு துணியைப் பிணத்தின் கையில் திணித்தார்.

"என்னய்யா இது, கோழி கிளறின மாதிரி ஒரு எழுத்து? நான் எழுதினதையெல்லாம் அழி. இதைப் பெரிசா எழுது."