முதல் வரிசைத் தூக்கம்

"அந்த அம்மாவை அடுத்த வாரத்திலிருந்து உள்ளே விடாதீங்க. என்னால முடியல!"

மைக்கைக் கீழே வைத்த கையோடு பேராசிரியர் சொன்னார். நூலகச் செயலாளர் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, மடியில் பையை அணைத்தபடி அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்கூட அவளை அசைக்கவில்லை.

நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் பேராசிரியரின் தொடர் சொற்பொழிவு. ஒரு பழைய ரஷ்ய நாவலாசிரியரின் எழுத்திலிருந்து வாழ்க்கைப் பாடங்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாரே தவிர, அவர் குரல் ஓய்வு பெறவில்லை. அவர் உருகினால் அரங்கமே உருகும். கடைசி வரிசையில் மூக்கை உறிஞ்சுவது மேடை வரை கேட்கும்.

அதிலும் அவர் மனைவி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இந்தக் கவலையிலும் ஒரு வாரம் தவறாமல் வந்து பேசுகிறாரே என்று எல்லோருக்கும் அவர்மேல் தனி மரியாதை.

அன்றைக்குப் பேச்சு உச்சத்தில் இருந்தபோதுதான் வினை வந்தது.

"எங்கேயோ ஒருத்தன் படற கஷ்டத்துக்குக் கண்ணீர் விடறது சுலபம். கூடவே இருக்கிறவங்க முகத்தை நிமிர்ந்து பார்க்கிறதுதான் கஷ்டம். அந்த ரஷ்யக் கிழவர் நமக்குச் சொல்ற முதல் பாடமே..."

யாருடைய செல்போனோ 'டிங்' என்றது. தூங்கிக்கொண்டிருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றாள்.

"இதோ வந்துட்டேம்மா!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கண்ணீர் போன இடம் தெரியவில்லை. பேராசிரியர் மேடையிலிருந்தே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, நல்ல தூக்கமா? போன வாரம் நான் என்ன பேசினேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவள் திருதிருவென்று முழித்தாள்.

"சரி, இன்னைக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். பேச்சு மறுபடி சூடு பிடிப்பதற்குள் அந்தத் தலை மறுபடி சாய்ந்துவிட்டது.

பேராசிரியருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தூங்குவதற்கு வீடு இல்லையா என்ன?

செயலாளர் தயங்கித் தயங்கிப் போய் நாற்காலியைத் தட்டினார்.

"அம்மா, கூட்டம் முடிஞ்சிடுச்சு."

"ஐயோ, மறுபடியும் தூங்கிட்டேனா?" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா என்ன சார் சொன்னாரு? கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அதை விடுங்க. தப்பா நினைக்காதீங்க, அடுத்த வாரத்திலிருந்து நீங்க வர வேண்டாம். பேசறவருக்குச் சங்கடமா இருக்கு."

அவள் பதறிப் போனாள்.

"அப்படி மட்டும் சொல்லிடாதீங்க சார். நான் கடைசியில உட்கார்ந்துக்கறேன். தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேகூடக் கேட்கிறேன். வராம மட்டும் என்னால இருக்க முடியாது."

பேராசிரியர் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"கேட்கிறதே இல்லையேம்மா! அப்புறம் எதுக்கு வர்றீங்க? ஃபேன் காத்துக்கா?"

"இல்ல சார். நைட் டியூட்டி முடிச்சிட்டு நேரா வர்றேன். உட்கார்ந்ததும் கண்ணு சொருகிடுது. கிள்ளிக்கூடப் பார்த்துட்டேன்."

"என்ன டியூட்டி?" என்றார் செயலாளர்.

அவள் பேராசிரியரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நர்ஸ் சார். இவரோட வீட்டம்மா இருக்கிற வார்டுதான். தினம் சாயங்காலம் நான் டியூட்டிக்கு வர்றப்போ சார் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து புஸ்தகம் படிச்சிட்டிருப்பாரு. 'கொஞ்சம் தள்ளிக்குங்க சார்'னு சொல்வேன். தள்ளிக்குவாரு."

பேராசிரியர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். எவ்வளவு பார்த்தும் பார்த்த முகமாகத் தெரியவில்லை.

"யூனிஃபார்ம் இல்லாம... அதான்..." என்று இழுத்தார்.

"பரவாயில்ல சார். எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரிம்மா, ராத்திரி பூரா முழிச்சிட்டு இங்க எதுக்கு வந்து கஷ்டப்படணும்? வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதானே?" செயலாளருக்கு இப்போது அவள்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

"அந்த அம்மாதான் அனுப்பறாங்க. 'இங்க வந்தா புஸ்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கறாரு, எங்கிட்ட ஒண்ணும் பேசறதில்ல. மேடையில நல்லாப் பேசுவாரு. நீ போய்க் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லேன்'னு ஒரு நாள் கேட்டாங்க. எப்படி சார் மாட்டேன்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் மாத்திரையை முகம் சுளிக்காம முழுங்கறாங்க. நான் வரலைன்னா அதுவும் போயிடும்."

பேராசிரியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் அரங்கத்தையே ஆட்டிப்படைத்த குரல் அடங்கிப் போயிருந்தது.

"நீங்கதான் தூங்கிடறீங்களேம்மா. அப்புறம் அவகிட்டப் போய் என்னதான் சொல்வீங்க?"

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார். வாரா வாரம் ஒரே பொய்தான். 'இன்னைக்குப் பூரா உங்களைப் பத்தித்தான்மா பேசினாரு'ன்னு சொல்லிடுவேன்."